டிரங்குப் பெட்டி நோட்டுகள்: எது முகமதிப்பு, எது அதற்கு மேல்

காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், நண்பர் வீட்டு ஆச்சி பல வருடமாகப் பூட்டியே வைத்திருந்த தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பழைய நோட்டுகளைத் தரம் பிரித்துக் கொடுத்தேன். அந்த வேலையை எந்த வரிசையில் செய்தேன், எதைப் பார்த்து எதை ஒதுக்கினேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு கட்டு கிடக்கலாம். அதை விற்கக் கிளம்புமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் அவசரமாகப் போனதற்குக் காரணம் உண்டு. ஆச்சியின் பேரன் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறான். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாக அதில் ஒருவர் சொல்கிறார். கொடுத்திருந்த எண்ணுக்கு நோட்டின் படத்தை அனுப்பியதும், "உங்கள் நோட்டு தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அடுத்ததாக வரி கட்டச் சொன்னார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரை வைத்த ஒரு கடிதமும் கூடவே வந்தது. பணம் போடுமுன் நண்பர் என்னைக் கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. இந்த மாதிரி ஆட்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிக்கை விட்டு எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை என்பதே அதன் சாரம். பொருளை விற்கப் போகிறவரிடம் முன்பணம் கேட்பவர் எவரும் வியாபாரி கிடையாது. பேரனிடம் அந்த எண்ணைத் தடுத்துவிடச் சொல்லிவிட்டுத்தான் பெட்டிக்கு வந்தேன்.

கொண்டு போனவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு சின்ன எல்.ஈ.டி. டார்ச், ஒரு புறஊதா டார்ச், மில்லிமீட்டர் அளவுகோல், பென்சில், நோட்டுப் புத்தகம், பாலியெஸ்டர் உறைகள். கையுறை போடுவதில்லை. துணிக் கையுறை நோட்டின் ஓரத்தில் மாட்டிக் கிழித்துவிடும். கையை நன்றாகக் கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு தொட்டால் போதும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆச்சி ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி, ஒரு தடவை துடைச்சுத் தேய்ச்சு எடுத்துட்டா பளிச்சுன்னு ஆயிரும்ல? பார்க்குறவங்களுக்கும் நல்லாருக்கும்."

"வேண்டாம் ஆச்சி. அழுக்கு இருந்தாக்கூட விலை இருக்கு. தேய்ச்சிட்டா அதுவும் போயிரும்."

வேலையைத் தொடங்குமுன் உறுதியாகச் சொல்ல வேண்டியதும் இதுதான். நோட்டுக் காகிதம் பஞ்சு இழையில் செய்தது. புதிதாக வரும்போது அதற்கு ஒரு விறைப்பு இருக்கும். விரலால் சுண்டினால் சலசலக்கும். மை பதிந்த இடங்களில் காகிதம் லேசாக மேடுதட்டி இருக்கும். தண்ணீர் பட்டதும் விறைப்பு போகும், இஸ்திரிப் பெட்டி பட்டதும் மேடு படுத்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் புதிதுபோல் தெரியும். ஆனால் வாங்குகிறவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திய மடிப்பின் தடம் கோடாகக் காட்டிக்கொடுக்கும். சோப்புப் பொடியில் அலசிய நோட்டைப் புறஊதா வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளை நீலமாக ஒளிரும், ஏனென்றால் சோப்புப் பொடியில் சேர்க்கும் வெண்மைப் பொருள் இழையிலேயே தங்கிவிடுகிறது. பழைய அசல் காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாகவே இருக்கும். கழுவித் தேய்த்த நோட்டு என்று தெரிந்துவிட்டால், சேகரிப்பவர் அதைக் கீழே வைத்துவிடுவார். செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் இன்னும் மோசம். அந்தப் பெட்டியிலேயே லேமினேட் செய்த ஒரு நூறு ரூபாய் நோட்டு இருந்தது. இனி அது முகமதிப்புக்கு மேல் போகாது.

பிறகு எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரப்பி, வெளியிட்டவர் வாரியாகப் பிரித்தேன். ஒரு ரூபாய் நோட்டுகள் ஒரு பக்கம், ரிசர்வ் வங்கி நோட்டுகள் ஒரு பக்கம், வெளிநாட்டுக் காசு ஒரு பக்கம். ஒரு ரூபாயைத் தனியாக வைக்கக் காரணம், அது ரிசர்வ் வங்கி வெளியீடு அல்ல, இந்திய அரசின் வெளியீடு. அதில் கவர்னரின் வாக்குறுதி வாசகம் இருக்காது. நிதிச் செயலர் கையெழுத்து போட்டிருப்பார். மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து.

கையெழுத்தைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ரிசர்வ் வங்கி நோட்டுகளில் அச்சான ஆண்டைப் பின்புறம் போடும் வழக்கம் 2005-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நோட்டின் காலத்தைக் கண்டுபிடிக்க யார் கையெழுத்து என்பதே வழி. ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கியது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் எந்த நோட்டிலும் கையெழுத்திடவில்லை. வங்கியின் முதல் நோட்டான ஐந்து ரூபாய், ஆறாம் ஜார்ஜ் மன்னர் படத்தோடு, ஜே.பி. டெய்லர் கையெழுத்தில் 1938 ஜனவரியில் வந்தது. அவருக்குப் பின் சி.டி. தேஷ்முக், பெனகல் ராமராவ், எச்.வி.ஆர். ஐயங்கார் என்று வரிசை போகும். சிலர் முதலில் நிதிச் செயலராக ஒரு ரூபாய் நோட்டிலும், பிறகு கவர்னராக மற்ற நோட்டுகளிலும் கையெழுத்திட்டவர்கள். எல்.கே. ஜா, ஐ.ஜி. படேல், மன்மோகன் சிங், எஸ். வெங்கிடரமணன் ஆகியோர் அப்படி.

கவர்னர் பதவியில் இருந்த காலம் குறைவு என்றால் அவர் கையெழுத்துள்ள நோட்டும் குறைவாகவே இருக்கும். பி.என். அடர்கர் 1970-இல் மே, ஜூன் மாதங்களில் சுமார் ஆறு வாரம்தான் கவர்னராக இருந்தார். அதனால் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைப் பார்த்தவுடன் படத்தைவிடக் கையெழுத்தின் மேல்தான் என் கண் போகும்.

ஆச்சியின் பெட்டியில் 1969-ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் நோட்டு இருந்தது. காந்தியடிகள் சேவாகிராமப் பின்னணியில் அமர்ந்திருக்கும் படம். இந்திய நோட்டில் காந்தி வந்தது அதுதான் முதல்முறை. இப்போது நாம் பார்க்கும் சிரித்த முகக் காந்தி வரிசை 1996-இல் வந்தது. நூற்றாண்டு நோட்டு ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, நூறு என்ற மதிப்புகளில் வெளியானது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எல்.கே. ஜாவின் கையெழுத்து. அடர்கராக இருந்திருந்தால் கூடுதலாகச் சந்தோஷப்பட்டிருப்பேன். ஜாவாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வரிசைக்குத் தேடி வருகிறவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் நோட்டு நான்காக மடிந்து, நடு மடிப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தது. விலையைத் தீர்மானிக்கப் போவது அந்த ஓட்டைதான்.

தரம் பார்ப்பதை நான் இப்படிச் செய்கிறேன். அறையை லேசாக இருட்டாக்கி, நோட்டை மேசையில் தட்டையாக வைத்து, டார்ச்சை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் அடிப்பேன். கண்ணுக்குத் தெரியாத மடிப்பெல்லாம் நிழலாக எழும்பி வரும். மடிப்புகளை எண்ணி எழுதிக்கொள்வேன். பிறகு நோட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை, மெலிந்த இடம், வாட்டர்மார்க் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். கடைசியாக நான்கு மூலைகள். கூராக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா என்று லென்ஸில் பார்ப்பேன்.

ஒரு மடிப்பும் இல்லாமல் மூலை கூராக இருந்தால் யூ.என்.சி., அதாவது புழங்காத நோட்டு. நடுவில் லேசான ஒரு மடிப்போ, கட்டை எண்ணும்போது விழுந்த தடமோ இருந்தால் ஏ.யூ. ஓரிரு தெளிவான மடிப்புகளோடு விறைப்பு குறையாமல் இருந்தால் எக்ஸ்.எஃப். நாலைந்து மடிப்பு, கொஞ்சம் அழுக்கு, ஆனாலும் காகிதம் தொங்கவில்லை என்றால் வி.எஃப். அதற்கும் கீழே வந்தால் சாதாரண நோட்டுக்கு வாங்க ஆளில்லை, அபூர்வமான நோட்டுக்கு மட்டும் ஆள் இருக்கும். ஒரே நோட்டு யூ.என்.சி.யில் போகும் விலைக்கும் கசங்கிய நிலையில் போகும் விலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்திய நோட்டுகளுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு, ஸ்டேபிள் பின் போட்ட ஓட்டை. வங்கிகள் நூறு நோட்டுக் கட்டைத் தடித்த ஸ்டேபிள் அடித்தே கொடுத்து வந்தன. ரிசர்வ் வங்கி 2001 நவம்பரில் அதை நிறுத்தச் சொன்னது. அதனால் அதற்கு முந்தைய நோட்டு புழக்கத்துக்கே வராமல் இருந்தாலும் இடது பக்கம் இரண்டு ஓட்டை இருக்கும். இந்தியச் சேகரிப்பாளர்கள் இதைப் பெரிதாகக் குறை சொல்வதில்லை. ஓட்டையைச் சுற்றித் துரு ஏறியிருந்தால்தான் விலை குறையும். கட்டில் ஸ்டேபிள் இன்னும் இருந்தால் விரலால் பிடுங்காதீர்கள். கட்டைப் பிரிக்காமல் அப்படியே வைப்பதா, பின்னை எடுப்பதா என்று தெரிந்தவரிடம் கேட்டு முடிவெடுங்கள். முழுக் கட்டாகவே வாங்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு ரூபாய்க் கட்டு ஒன்று பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. ரப்பர் உருகி மேல் நோட்டில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் 1980-களின் நோட்டு, பின்புறம் சாகர் சாம்ராட் எண்ணெய்த் துரப்பண மேடையின் படம். ஒரு ரூபாய் அச்சடிப்பது 1994-இல் நின்று 2015-இல் மறுபடி தொடங்கியது. நடுவில் நின்றுபோனதால் இது அபூர்வம் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சான அளவைப் பார்த்தால் அப்படி இல்லை, வீட்டுக்கு வீடு கிடக்கிறது. மன்மோகன் சிங் கையெழுத்து இருப்பதாலேயே விலை ஏறிவிடாது. அவர் நிதிச் செயலராக இருந்த 1976 முதல் 1980 வரை ஒரு ரூபாய் நோட்டுகள் ஏராளமாக வந்தன. புழங்கிய நிலையில் இவற்றுக்குக் கிடைப்பது சில ரூபாய்கள்தான். ஆனால் அந்தக் கட்டுக்கு நடுவே மாறிப்போய் ஒரு 1960-களின் நோட்டு இருந்தது, எஸ். பூதலிங்கம் கையெழுத்தோடு, ஒரே ஒரு மடிப்போடு. அதை உடனே தனி உறையில் போட்டேன். கட்டு முழுக்க ஒரே மாதிரி என்று நினைத்து மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

புரட்டும்போது வரிசை எண்ணையும் படியுங்கள். 000001, 777777, 123456 மாதிரி எண்கள், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கும் எண்கள், 786-இல் முடியும் எண்கள், இவற்றுக்கெல்லாம் தனிச் சந்தை இருக்கிறது. ஆறு எண்ணும் ஒன்றானால் விலை நன்றாகவே ஏறும். வெறும் 786 முடிவு என்றால் ஆயிரத்தில் ஒரு நோட்டுக்கு அது வரும், ஆகவே எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். எண்ணின் பக்கத்திலோ பின்னணியிலோ சின்னதாக ஏ, பி, ஈ என்று ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும், இன்செட் என்பார்கள். ஒரே கையெழுத்து, ஒரே படம், ஆனால் இன்செட் எழுத்து மாறினால் ஒன்று மலிவாகவும் மற்றது அரிதாகவும் இருக்கும். பட்டியல் எழுதும்போது இதை விட்டுவிட்டால் பிறகு யாரிடம் விலை கேட்டாலும் சரியான பதில் வராது. எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அது 2006-இல் தொடங்கிய மாற்று நோட்டு. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகக் கட்டில் வைப்பது. ஆச்சியின் பெட்டியில் நட்சத்திரம் எதுவும் இல்லை.

டிராக்டர் நோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பேரன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தான். அந்தப் படம் 1970-களில் இருந்து பல கவர்னர்கள் காலம் வரை அச்சானது. 2001-இல் வந்த காந்தி வரிசை ஐந்து ரூபாயின் பின்புறமும் டிராக்டர்தான். இவ்வளவு அச்சான ஒன்று அபூர்வமாக இருக்க வழியே இல்லை. புழங்கிய டிராக்டர் நோட்டைக் கண்காட்சிகளில் வியாபாரிகள் பத்து இருபது ரூபாய்க்குக் கொட்டி வைத்து விற்பார்கள். அவன் முகம் வாடிவிட்டது. அவனிடம் லென்ஸைக் கொடுத்து எண்களைப் படிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு மிச்ச வேலை முழுவதும் எண் வாசித்தது அவன்தான்.

"இந்தப் பழைய நோட்டெல்லாம் இன்னும் செல்லுமா?" என்று கேட்டான். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்க் காகித நோட்டுகள் இன்றும் சட்டப்படி செல்லும். கிழிந்தவற்றை வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒதுக்கிய குவியலும் வீண் அல்ல, முகமதிப்பு அப்படியே இருக்கிறது. செல்லாமல் போனவை வேறு. 1946 ஜனவரியில் 500, 1000, 10000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள். 1954-இல் மறுபடி வந்த 1000, 5000, 10000 நோட்டுகளை 1978 ஜனவரியில் நிறுத்தினார்கள். அந்த ஆயிரம் ரூபாயின் பின்புறம் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். நம் ஊர்க் கோயில் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். அதை நல்ல நிலையில் யாராவது வைத்திருந்தால் கட்டாயம் முகமதிப்புக்கு மேல்தான். ஆச்சியின் பெட்டியில் இல்லை.

2016 நவம்பர் 8-க்குப் பிறகு மாற்ற மறந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் சில மட்டும் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. இங்கே கவனம் தேவை. 2017-இல் வந்த சட்டப்படி செல்லாத அந்த 500, 1000 நோட்டுகளை ஒருவர் மொத்தமாகப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. மீறினால் பத்தாயிரம் ரூபாயோ முகமதிப்பைப்போல் ஐந்து மடங்கோ, எது அதிகமோ அது அபராதம். எண்ணிப் பார்த்தோம், பத்துக்குள் இருந்தது. சேகரிப்பாளர்களிடம் இவை போதும் போதும் என்னுமளவுக்கு இருப்பதால் இப்போதைக்கு யாரும் கேட்க மாட்டார்கள்.

பெட்டியின் அடியில், பட்டுத்துணிக்குள், ஒரு பழுப்பு உறை. ஆச்சியின் மாமனார் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது அங்கிருந்து வந்த லட்சக்கணக்கான இந்தியர்களைப்போல அவர் குடும்பத்து ஆட்களில் சிலர் நடந்தே வந்திருக்கிறார்கள், சிலர் அங்கேயே தங்கிப் போர் முடிந்த பிறகு வந்திருக்கிறார்கள். அந்த உறையை ஆச்சி கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்த்திருக்கிறார், பிரித்ததில்லை.

உள்ளே முதலில் வந்தவை ஜப்பான் ஆக்கிரமிப்பு நோட்டுகள். "ஜப்பானிய அரசு" என்று ஆங்கிலத்தில் போட்டு, பர்மாவுக்கு ரூபாயிலும் சென்டிலும், மலாயாவுக்கு டாலரிலும் சென்டிலும் மதிப்பு எழுதியவை. வரிசை எண் இல்லை, இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். முதல் எழுத்து பி என்றால் பர்மா, எம் என்றால் மலாயா. இரண்டுமே இருந்தன. மலாயாவின் பத்து டாலரில் வாழைமரம் போட்டிருக்கும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் இந்த நோட்டைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் நாள் முழுக்கச் சொல்வார்கள். ஜப்பான் நிர்வாகம் கணக்கில்லாமல் அச்சடித்ததால் போர் முடியுமுன்பே விலைவாசி விண்ணைத் தொட்டது. போர் முடிந்ததும் மூட்டை மூட்டையாகக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த அளவுக்கு அச்சானதால்தான் இன்றும் மலிவு. மலாயா நோட்டுகளில் தொடக்கத்தில் வரிசை எண்ணோடு வந்தவை மட்டும் விதிவிலக்கு, அவற்றுக்கு நல்ல விலை உண்டு. இங்கே இருந்தவற்றில் எண் இல்லை. ஆச்சியிடம் அதை மறைக்காமல் சொன்னேன். "விலை இல்லாட்டி என்ன, அது எங்க மாமா கைப்பட்டது" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். யார் கொண்டுவந்தது, எந்த ஊரில் இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி அந்த உறையோடு சேர்த்து வைத்தேன்.

அவற்றுக்கும் அடியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ரிசர்வ் வங்கிப் பத்து ரூபாய் நோட்டு ஒன்று, அதன் மேல் சிவப்பு மையில் ஆங்கில எழுத்துகள். பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டுமே செல்லும் என்பது அதன் பொருள்.

பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகும் அந்நாட்டுக்கு நோட்டு வெளியிட்டது ரிசர்வ் வங்கிதான். 1945-இல் பிரிட்டிஷ் படை ரங்கூனைத் திரும்பப் பிடித்தபோது உடனடியாக நோட்டு வேண்டியிருந்தது. இந்திய நோட்டிலேயே சிவப்பு வாசகத்தை மேலச்சு அடித்து அனுப்பினார்கள். 1947-இல் பர்மா நாணய வாரியம் வந்ததும் மேலச்சு வாசகம் மாறியது. குறைந்த காலமே புழங்கியது, அதிலும் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது என்பதால் இதற்குத் தேடுகிறவர்கள் அதிகம். தேடுகிறவர்கள் அதிகம் என்றால் போலியும் உண்டு. போலி செய்கிறவர் நோட்டை அச்சடிப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் அசல் ஜார்ஜ் நோட்டை எடுத்து அதன் மேல் சிவப்பு வாசகத்தை மட்டும் அச்சடிக்கிறார். காகிதம், வாட்டர்மார்க், கையெழுத்து எல்லாமே அசலாக இருக்கும். ஆகவே மேலச்சை மட்டும்தான் சோதிக்க வேண்டும்.

இந்த நோட்டில் நடுவாக ஒரு பழைய செங்குத்து மடிப்பு. அது சிவப்பு வாசகத்தின் ஓர் எழுத்தைக் குறுக்கே வெட்டிப் போனது. லென்ஸை அந்த எழுத்தின் மேல் வைத்து டார்ச்சைச் சாய்த்தேன். மடிப்பு நெடுகச் சிவப்பு உதிர்ந்து, உடைந்த காகித இழை மயிரிழை போல வெள்ளையாகத் தெரிந்தது. அப்படியானால் மை முதலில் வந்தது, மடிப்பு பிறகு வந்தது. பழைய கசங்கிய நோட்டில் பின்னால் அடித்திருந்தால் இதற்கு நேர்மாறாக இருக்கும். உடைந்த இழைக்குள் மை இறங்கி, மடிப்பின் இரண்டு பக்கமும் கசிந்து, பள்ளத்துக்குள் சிவப்பு தேங்கியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடத்தையும் பார்த்தேன். அழுக்கு சிவப்பின் மேல் படிந்திருந்தது, அதன் அடியில் இல்லை. எழுத்தின் தேய்மானமும் சுற்றியுள்ள அச்சின் தேய்மானமும் ஒரே அளவு. அடுத்து எழுத்து வடிவம், வரிகளுக்கு இடையிலான தூரம், எண்ணின் முன்னெழுத்து ஆகியவற்றை அளவுகோலால் அளந்து, பழைய ஏலப் பதிவுகளில் வந்த அசல் நோட்டுகளின் படங்களோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. அசல் என்பது என் முடிவு. இருந்தாலும் இந்த அளவு மதிப்புள்ள ஒன்றை இன்னொரு கண்ணுக்குக் காட்டாமல் விற்கச் சொல்ல மாட்டேன்.

விலை பார்ப்பதில் நான் விடாமல் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. இணையத்தில் கேட்கிற விலையை எழுதிக்கொள்ளவே மாட்டேன், விற்ற விலையை மட்டும்தான். ஒரு நோட்டுக்கு ஐம்பதாயிரம் என்று யார் வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம், அது வருடக்கணக்கில் விற்காமலே கிடக்கும். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையைப் படத்தோடு வெளியிடுகின்றன. அதே நோட்டு, அதே கையெழுத்து, அதே இன்செட், அதே தரம் என்று நான்கும் பொருந்தும் பதிவுகள் சிலவற்றை எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைப் பார்ப்பேன். அடையாளம் காண ரெஸ்வான் ரசாக், கிஷோர் ஜுன்ஜுன்வாலா இருவரும் தொகுத்த இந்திய நோட்டுகளின் விலைநூல் கைவசம் இருந்தால் வேலை பாதியாகும். அதில் உள்ள விலை பழையதாகிவிடும், வகைப் பிரிப்பு பழையதாகாது. வியாபாரி வாங்கும் விலை ஏல விலையில் பாதி, சில சமயம் அதற்கும் கீழ். அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கடை வாடகை கட்டி, வாங்க ஆள் வரும்வரை மாதக்கணக்கில் வைத்திருக்கிறார். ஆனால் மூன்று பேரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பி.எம்.ஜி. மாதிரி நோட்டுத் தர நிர்ணய நிறுவனங்களுக்கு அனுப்பி 70 வரையிலான மதிப்பெண்ணோடு உறையிட்டு வாங்குவது பற்றி நண்பர் கேட்டார். கட்டணம், போக்குவரத்து, காப்பீடு எல்லாம் சேர்த்தால் சாதாரண நோட்டின் விலையைத் தாண்டிவிடும். பூதலிங்கம் நோட்டுக்கும் காந்தி நோட்டுக்கும் அது வேண்டாம். பர்மா நோட்டுக்கு மட்டும் பொருத்தம், ஏனென்றால் அங்கே கேள்வியே அசலா போலியா என்பதுதான்.

ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்கும் இரண்டரை ரூபாய் நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பாடு வந்தபோது 1917 நவம்பர் 30-இல் முதல் ஒரு ரூபாய் நோட்டும், 1918 தொடக்கத்தில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் ஐந்தாம் ஜார்ஜ் படத்தோடு வந்தன. அந்த இரண்டரை ரூபாய் நோட்டு உண்மையிலேயே அரிது, விலையும் பெரிது. அதனாலேயே நகல்கள் ஊரெங்கும் விற்கின்றன. வாட்டர்மார்க் இல்லாமல், லென்ஸில் பார்த்தால் கோடுகளுக்குப் பதில் வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது நகல். ஆச்சியின் பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தது. யாரோ கண்காட்சியில் வாங்கிக் கொடுத்த நினைவுப் பொருள்.

முடிவில் மேசை இப்படிப் பிரிந்தது. ஒரு ரூபாய்க் கட்டும் டிராக்டர் நோட்டுகளும் பெரும்பங்கு, அவற்றைப் பேரன் வைத்துக்கொண்டு ஆண்டுவாரியாக அடுக்கப் போகிறானாம். பூதலிங்கம் நோட்டும் காந்தி நோட்டும் விற்கலாம், அவசரம் இல்லை. ஜப்பான் நோட்டுகள் வீட்டிலேயே இருக்கும். பர்மா நோட்டின் இரண்டு பக்கத்தையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, மடிப்பு வெட்டும் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்கி, பர்மா நோட்டுகளில் பல வருடம் புழங்கிய ஒருவருக்கு அனுப்பியிருக்கிறோம்.

பி.வி.சி. உறையில் எதையும் வைக்கவில்லை, அது நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தின்னும். பாலியெஸ்டர் உறை, அட்டைப் பெட்டி, இரும்பு பீரோவின் நடுத்தட்டு. ரப்பர் பேண்டு, ஜெம் கிளிப், பாச்சை உருண்டை மூன்றையும் எடுத்தாயிற்று. டிரங்குப் பெட்டியின் மூலையில் ராமபாணப் பூச்சி இருந்ததால் அந்தப் பெட்டிக்குள் இனி காகிதம் போகாது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எல்லா உறைகளையும் எடுத்து ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேனைப் பார்க்கும் அந்தப் பர்மா நோட்டு அனுபவசாலி அசல் என்று சொன்னால் அடுத்த வேலை தர நிர்ணயத்துக்கு அனுப்புவது. சந்தேகம் என்றால் அதுவும் ஜப்பான் நோட்டுகளோடு ஒரே உறையில் போகும்.